கீறல் என்று நான் சொன்ன கோடு

போன வாரம் உங்கள் ரேடியாலஜி டிபார்ட்மெண்டுக்கு என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதையெல்லாம் காட்டினீர்கள். சந்தோஷம். நுரையீரலில் கட்டி வந்து இருமலில் ரத்தமாகக் கொட்டிக்கொண்டிருந்த ஒருவருக்குத் தொடையில் ஒரு துளை போட்டு, நூல் போன்ற குழாயை ஏற்றி, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளத்தைத் தேடிப் பிடித்து, பொடிப்பொடியாக எதையோ செலுத்தி அடைத்துவிட்டீர்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எனக்கு வாயடைத்துப்போய்விட்டது. அப்புறம் உங்களில் ஒரு பெண் மைக்கில் "அங்கிள், டீக் ஹை நா?" என்று கேட்டாள், நன்றாகத்தானே இருக்கிறது என்று. அவர் "ஹாங்" என்றார். அவள் உடனே திரையில் ஒரு கட்டத்தில் டிக் போட்டாள். அங்கேதான் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது.

அப்போதே எழுந்து கத்தியிருப்பேன். முட்டி ஒத்துழைக்கவில்லை. அதனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது என்று தெரியும். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் எனக்குக் கோபம் சரியாக வராது.

இது அறுபதுகளின் பிற்பகுதியில் நடந்தது. பம்பாயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். நான் எக்ஸ்ரே டெக்னீஷியன், வயது இருபத்து நான்கு. மாட்டுங்காவில் எங்கள் தெருவில் பெண்கள் வேலைக்குப் போவது அப்போதே சகஜம்தான். டைப்பிஸ்ட், டெலிபோன் ஆபரேட்டர் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எக்ஸ்ரே என்றதும்தான் எல்லோரும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். "அந்த லைட் பட்டா கொழந்தை பொறக்காதாமே?" என்று பக்கத்து வீட்டு மாமி அம்மாவிடம் கேட்க, அம்மா என்னிடம் கேட்க, ஈயக் கவசம் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன் என்று நான் விளக்கினேன். "அப்போ அந்தக் கவசத்தைக் கல்யாணத்துக்கும் போட்டுண்டு வா, மாப்பிள்ளையாத்துக்காரா பாக்கட்டும்" என்றாள் அம்மா. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து கிளம்பித்தான் தினமும் காலையில் ரயிலேறினேன்.

எங்கள் மார்பு அறுவை டாக்டர் ஒரு மேதை. வாய் மட்டும் சாக்கடை. அவருக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷிலும் இந்தியிலும் திட்டுவார், ரொம்பக் கோபம் வந்தால் மராட்டியில் திட்டுவார். வெட்டி எடுக்க முடியாதபடி வேர்விட்டுப்போன நுரையீரல் கட்டிகளைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துப்போயிருந்தது. கட்டியும் சாப்பிட்டுத்தானே வளர்கிறது, அதன் சாப்பாடு ரத்தத்தில்தானே வருகிறது, எடுக்க முடியாவிட்டால் பட்டினி போடுவோமே என்பது அவர் வாதம். அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் பேச்சளவில்தான் இருந்தது. அவர் செய்தே பார்க்கிறேன் என்று கிளம்பினார்.

அப்போது நாளத்தை அடைக்க உங்கள் பொடியும் கிடையாது, கம்பிச் சுருளும் கிடையாது. முதல் நாள் தொடை வழியாகக் குழாயை ஏற்றி, மருந்துச் சாயம் செலுத்தி, கட்டிக்குப் போகிற நாளம் எது என்று எக்ஸ்ரே படத்தில் கண்டுபிடிக்க வேண்டும். மறுநாள் மார்பைத் திறந்து அந்த நாளத்தை நூலால் கட்ட வேண்டும். படம் தப்பானால் நூலும் தப்பான இடத்தில்தான் விழும். படம் என் பொறுப்பு.

இங்கே கீறல் கதையைச் சொல்லியாக வேண்டும். அன்றைய ஃபிலிமை இருட்டறையில் தொட்டியில் முக்கிக் கழுவி, கம்பிச் சட்டத்தில் மாட்டிக் காயப்போடுவோம். ஈரமாக இருக்கும்போது மேல்பூச்சு பழுத்த பழத்தின் தோல் மாதிரி. நகம் பட்டால் போச்சு, சட்டத்தின் முனை உரசினால் போச்சு. பம்பாய் மழைக்காலத்தில் காயவும் காயாது. ஒரு தடவை ஒரு நகக் கீறலை ரத்தநாளம் என்று நம்பி இந்த டாக்டர் மாணவர்களுக்கு முன்னால் அரை மணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டார். உண்மை தெரிந்ததும் அந்த ஃபிலிமை என் தலைக்கு மேலே வீசினார். அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டார். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டின உடனே, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, எது எது கீறல் என்று டெக்னீஷியன் சொல்லிவிட வேண்டும். நல்ல சட்டம் மாதிரித்தான் தோன்றும். அது எங்களை என்ன செய்தது தெரியுமா? சந்தேகமான கோடு எதைப் பார்த்தாலும் கீறல் என்று முந்திக்கொண்டு சொல்லப் பழகிவிட்டோம். கீறல் என்றால் ஒரு திட்டு, சொல்லாமல் விட்டால் பத்துத் திட்டு. கணக்கு சுலபம்.

இந்தச் சமயத்தில்தான் மீரான் பாய் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். வலது நுரையீரலில் கட்டி. இருமினால் கர்ச்சீப் நனைகிற அளவுக்கு ரத்தம். அவருக்கு இந்தி அரைகுறை, வார்டில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், எக்ஸ்ரே வேலையோடு துபாஷி வேலையும் என் தலையில் விழுந்தது. டாக்டர் சொன்னதையெல்லாம் நான் தமிழில் சொல்லி முடித்ததும், மனிதர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தாயி, நான் எத்தன நாள் இருப்பேன்னு கேக்கல. அது அல்லாவுக்குத் தெரியும். எங்க வீடு பட்டறைக்கு மேல இருக்கு. ஏறிப் போக செங்குத்தா ஒரு இரும்பு ஏணி. ரெண்டு மாசமா ஏறல. கடைசியா ஏறும்போது பாதியில ரத்தம் வந்து, ஏணியெல்லாம் நாறிப்போச்சு. அதுலருந்து கீழ தோலு மூட்டைக்கு நடுவுலதான் கெடக்கேன். புள்ளையெல்லாம் மேல, நான் கீழ. இந்த ஆப்பரேசன் செஞ்சா நான் ஏணியில ஏறலாமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

பக்கத்தில் அவர் மனைவி ஜைனம்பு நின்றுகொண்டிருந்தார். "இவுகளுக்கு உசுர விட ஏணிதான் பெருசு" என்றார். கோபமாகச் சொன்னாரா, வேறு மாதிரியா என்று எனக்குப் புரியவில்லை.

நான் கேட்டேன். "ஏறலாம், சொல்லு. ரத்தம் நின்றுவிட்டால் எதற்குத் தடை?" என்றார் டாக்டர். நான் சொன்னேன். கைநாட்டு இல்லை, தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் மீரான் பாய்.

சாயம் செலுத்துகிற நாள் வந்தது. அந்த மனுஷன் பட்ட கூச்சத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பாவமாக இருக்கிறது. தொடையைச் சிரைத்து, இடுப்புக்குக் கீழே ஒரே ஒரு துணி போர்த்திப் படுக்கவைத்திருக்கிறார்கள். தலைமாட்டில் தன் மகள் வயதில் ஒரு பெண். அவர் மேலே விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. டாக்டர் சிவப்புக் கண்ணாடி போட்டு இருட்டுக்குக் கண்ணைப் பழக்கி வைத்துக்கொண்டு குழாயை நகர்த்தினார். ஒவ்வொரு தடவை சாயம் போகும்போதும் நான் படத்தட்டை மாற்றிக்கொண்டே இருந்தேன். கடைசி ஊசியின்போது மீரான் பாயின் முகம் ஒரு மாதிரி சுளித்தது. உதடு அசைந்தது.

"என்னவென்று கேள்" என்றார் டாக்டர்.

நான் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பதைக் கவனியுங்கள். "பாய், ஒண்ணும் பண்ணலையே?"

"ஒண்ணுமில்ல தாயி."

"ஆல் ரைட் சார்" என்றேன்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. "ஒண்ணும் பண்ணலையே?" என்று கேட்டால் நம் ஜனங்களில் எந்த மனுஷனாவது "பண்ணுது" என்று சொல்வானா? பதிலையும் நானே ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்தும் விட்டேன். அதுவும் இடுப்புக்குக் கீழே என்ன ஆகிறது என்று ஒரு திருநெல்வேலி சாயபு, முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளையிடம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, இதெல்லாம் புரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தே கேட்டேன். வேலை முடிந்தால் போதும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

தொடையில் குத்தினதால் அன்று சாயங்காலம் வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பது வழக்கம். அசையாமல் படுத்திருக்கிறவருக்குக் கால் அசைகிறதா இல்லையா என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

படங்களைக் கழுவி ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுபோய் விளக்குப் பெட்டியில் மாட்டினேன். கட்டிக்குப் போகிற நாளம் பளிச்சென்று தெரிந்தது. பெரிய நாளத்திலிருந்து கிளம்பி, ஒரு வளைவு வளைந்து, நேரே கட்டிக்குள் போய்ப் பொசபொசவென்று விரிந்தது. டாக்டருக்கு வாயெல்லாம் பல். அந்த வளைவுக்கு முன்னாலிருந்து முடி மாதிரி மெல்லிய ஒரு கோடு பிரிந்து, முதுகெலும்பின் நட்டநடுவில் ஏறி, சட்டென்று மடங்கிக் கீழே இறங்கியது. அவர் விரல் அந்தப் பக்கம் போவதற்கு முன்னாலேயே நான் முந்திக்கொண்டேன்.

"அது கீறல் சார். சட்டம் உரசியிருக்கிறது."

வழக்கமான திட்டு கிடைத்தது. வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், நான் பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. பார்க்காமல் சொன்னேன். பொய் சொல்கிறவனாவது ஒரு தடவை உண்மையைப் பார்த்திருப்பான்.

மறுநாள் காலை ஆபரேஷன். நான் வேலைக்கு வந்தபோது படங்கள் காய்ந்திருந்தன. உறையில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் வெள்ளை மையால் எண் எழுதுவது என் வேலை. நேற்று நான் கீறல் என்று சொன்ன மூன்றாவது படத்தில் எண் எழுதிவிட்டு நான்காவதை எடுத்தேன். அதே கோடு. அதே இடம். அதே மடிப்பு. சட்டம் உரசினால் ஒரு படத்தில் உரசும். இரண்டு படத்தில் ஒரே இடத்தில், ஒரே மாதிரி மடங்கியா உரசும்? ஜன்னலருகே கொண்டுபோய்ப் படத்தைச் சாய்த்துப் பார்த்தேன். கீறல் என்றால் சாய்க்கும்போது மேல்பூச்சில் பள்ளம் மினுங்கும். ஒன்றும் மினுங்கவில்லை. விரல் நுனியால் தடவினேன். மழமழவென்று இருந்தது.

அந்தக் கோடு என்ன என்று எனக்குத் தெரியும். இதே டாக்டர் மாணவர்களுக்குச் சொல்லும்போது பக்கத்தில் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். சில பேருக்கு முதுகுத்தண்டுக்கு ரத்தம் கொண்டுபோகிற மெல்லிய நாளம் இந்த நாளத்திலிருந்தே பிரியும், அதைத் தெரியாமல் அடியோடு சேர்த்துக் கட்டிவிட்டால் இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விடும் என்று சொல்லியிருந்தார். கட்டியைப் பட்டினி போடப்போய், காலைப் பட்டினி போட்டுவிடுவோம்.

இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அன்றைக்குப் பார்த்து லிஃப்ட் வேலை செய்யவில்லை. என்றைக்குத்தான் வேலை செய்தது? படியேறிப் போனால், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஜைனம்பு தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கொண்டுபோய் ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்றார். எனக்கு மூச்சு வாங்கியது. இந்தத் தடவை ஒழுங்காகக் கேட்டேன்.

"நேத்து ஊசி போட்டப்புறம் பாயோட கால் எப்படி இருந்தது? அவர் என்ன சொன்னார்? அப்படியே சொல்லுங்கோ."

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு காலும் இருக்கா இல்லியான்னே தெரியலன்னாவ. கட்டையா மரத்துப் போச்சுன்னாவ. ஒரு மணி நேரம் இருக்கும். பொறவு சரியாயிட்டுது. அந்தப் பிள்ளைட்ட சொல்லாத, பொம்பளப் பிள்ளைட்ட இதெல்லாம் சொல்லக் கூடாது, சொன்னா ஆப்பரேசன நிப்பாட்டிருவாவன்னாவ."

"ஐயோ, ஏம்மா, நீங்களாவது என்கிட்ட வந்து சொல்லியிருக்கப்படாதா?"

"எங்கிட்ட யாரு கேட்டா?"

படங்களை அணைத்துக்கொண்டு கதவை நோக்கிப் போனேன்.

தியேட்டர் கதவில் நர்ஸ் மறித்தாள். எக்ஸ்ரேக்காரர்கள் உள்ளே வரக் கூடாது, செருப்பு, கோட்டு, முகக்கவசம் என்று ஆரம்பித்தாள். அவள் சொன்னது அத்தனையும் நியாயம். ஒரு கவசத்தைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனேன். மார்பு திறந்திருந்தது. டாக்டர் குனிந்திருந்தார். நாளத்துக்கு அடியில் நூலைக் கொடுத்து இரண்டு முனையையும் கையில் பிடித்திருந்தார். முடிச்சு இன்னும் விழவில்லை.

"கெட் அவுட்" என்றார், நிமிராமல்.

"சார், முடிச்சுப் போடாதீங்க. நான் கீறல்னு சொன்னது கீறல் இல்லை. இன்னொரு படத்திலும் இருக்கு. நேத்து அவருக்கு ஒரு மணி நேரம் ரெண்டு காலும் மரத்துப்போயிருக்கு. நான் சரியாக் கேக்கலை."

இதை இங்கிலீஷில்தான் சொன்னேன். எந்த இங்கிலீஷில் சொன்னேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒரு வசவு மழையை எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் திட்டவில்லை. "மாட்டு" என்றார். சுவர் விளக்கில் இரண்டு படத்தையும் மாட்டினேன். நூலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. எனக்கு அது ஒரு யுகம்.

"அந்தக் கோடு வளைவுக்கு முன்னால் பிரிகிறதா, பின்னாலா? உன் கண்ணால் பார்த்துச் சொல்."

நான் படத்தின் மேல் மூக்கு இடிக்கிற மாதிரி போய் நின்றேன். இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அவசரப்படுத்துவார் என்று நினைத்தேன். படுத்தவில்லை.

"முன்னால் சார். இரண்டிலும் முன்னால்தான்."

நூலை உருவினார். வளைவைத் தாண்டி, நுரையீரலுக்குப் பக்கத்தில், குறுகலான இடத்தில் மறுபடி தேடி எடுத்துக் கட்டினார். அந்த இடத்தில் கட்டுவது நூறு மடங்கு கஷ்டம். எத்தனையோ தடவை மராட்டியில் சனியனே, சனியனே என்று முணுமுணுத்தார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்து கை கழுவும்போதுதான் கேட்டார்: "ஏன் கீறல் என்று சொன்னாய்?"

"நீங்கள்தானே கீறலை முதலில் சொல்லச் சொன்னீர்கள்" என்றேன். எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்ததோ.

குழாயை மூடினார். "தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாமே?"

"தெரியவில்லை என்று சொன்னால் நீங்கள் விட்டுவிடுவீர்களா?"

அன்றைக்கு அந்தக் கீறல் சட்டத்தை எடுத்துவிட்டார். ஒரு வார்த்தை மன்னிப்பு? ம்ஹூம். மறுவாரமே வேறொரு விஷயத்துக்கு மராட்டியில் கிழித்தார். மேதைகளோடு குப்பை கொட்டுவது லேசில்லை. நீங்கள் எல்லோரும் மேதைகளைத் தேடித் தேடிப் போய் வேலைக்குச் சேருகிறீர்கள், அதனால் சொல்லிவைக்கிறேன். அவர்கள் கத்துவதற்குப் பயந்து நாம் ஒன்றை முந்திக்கொண்டு சொன்னால், கத்தினவர்களுக்கு ஒன்றும் ஆகாது. மேஜைமேல் படுத்திருக்கிறவருக்குத்தான் ஆகும்.

பட்டினி போட்டதும் கட்டி செத்துவிட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். சாகவில்லை. ரத்தம் நின்றது. சில மாதம் நன்றாக நின்றது. அப்புறம் கட்டி வேறு வழியில் தனக்கு நாளங்களை இழுத்துக்கொண்டது. ஒரு வாசலை அடைத்தால் கொல்லைப்புறமாக வரும் ஜாதி அது. இப்போது புது நாளம் முளைக்கவே விடாமல் மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படியும் முழுக்க ஜெயித்துவிட்டதாக நீங்களே சொல்வதில்லை. மீரான் பாய் அடுத்த மழைக்காலத்துக்கு முன்னாலேயே போய்விட்டார். வீட்டில், மேலே, பிள்ளைகளுக்கு நடுவில்தான் உயிர் போயிற்று என்று ஜைனம்பு வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் உயிரை நாங்கள் காப்பாற்றினோம் என்று நான் பெருமை அடித்துக்கொள்ளவில்லை. அவர் எங்களிடம் உயிரைக் கேட்கவே இல்லையே.

ஆனால் அதெல்லாம் பிறகு. ஆபரேஷன் அன்றைக்கு மத்தியானம் எங்களுக்கு எதுவும் தெரியாது. நூல் சரியான இடத்தில் விழுந்ததா, நான் வளைவைச் சரியாகப் பார்த்தேனா, அந்த முடி போன்ற நாளம் தப்பியதா, ஒன்றும் தெரியாது. அவர் மயக்கம் தெளிந்து காலை அசைத்தால்தான் தெரியும். எனக்கு எக்ஸ்ரே அறையில் வேலை குவிந்து கிடந்தது. போகவில்லை. கட்டில் பக்கத்திலேயே நின்றேன். ஜைனம்பு தலைமாட்டில் உட்கார்ந்து எதையோ ஓதிக்கொண்டிருந்தார். டாக்டர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார், மூன்றாவது தடவை வந்து போகாமல் நின்றுவிட்டார்.

மீரான் பாய் கண்ணைத் திறந்தார். திறந்த மாதிரியும் இருந்தது, மூடின மாதிரியும் இருந்தது.

"பேர் ஹிலாவ்" என்றார் டாக்டர். காலை ஆட்டு என்று. மீரான் பாய் மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

போர்வைக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை.

"டீக் லக்தா ஹை?" என்று டாக்டர் குரலை உயர்த்தினார். அதற்கும் தலையாட்டல்தான். நன்றாக இருக்கிறதாம். டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. அவர் முகம் வெளுத்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். "உன் பாஷையில் கேள்" என்றார் என்னிடம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இவர் கேட்பார், அவர் தலையாட்டுவார், நான் மொழிபெயர்ப்பேன், எல்லோரும் நன்றாக இருக்கிறோம். போதும் இந்தக் கேள்வியும் பதிலும் என்று தோன்றியது. கால்மாட்டுக்குப் போனேன். போர்வையைத் தூக்கினேன். என் இரண்டு கையாலும் அந்த மனுஷனின் இரண்டு பாதத்தையும் கப்பென்று பிடித்தேன். சில்லென்று இருந்தது. தோல் வேலை செய்து செய்து காய்த்துப்போன பாதம். ஜைனம்பு ஓதுவதை நிறுத்திவிட்டார்.

மீரான் பாய் தலையைத் தூக்கிப் பார்த்தார். பார்த்த பார்வையில் மயக்கமெல்லாம் பறந்துவிட்டது.

"யா அல்லா! தாயி, என்ன காரியம் செய்யுதிய! காலப் போயி தொடுதியளே!"

சொல்லிக்கொண்டே இரண்டு காலையும் வெடுக்கென்று என் கையிலிருந்து உருவி, முட்டி மடங்க நெஞ்சு வரைக்கும் இழுத்துக்கொண்டார்.